ரெப்போவுக்குள் ரெப்போ: விம் பிளகின்களை கிட்டில் கட்டி வைத்தது

விம் என்ற உரை எழுதும் மென்பொருளின் அமைப்புகள் மொத்தத்தையும், கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் ஒரே ரெப்போவில் (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய வேலை இது. விம் 8 முதல் 'பேக்' ஃபோல்டருக்குள் உரிய இடத்தில் பிளகின் என்ற துணை நிரலைப் போட்டாலே போதும், தானாக எடுத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு பிளகினும் தனி ரெப்போ.

அமைப்புகள் இருக்கும் வெளி ரெப்போவில் பிளகினைச் சேர்க்க கிட் ஆட் கொடுத்தால் எச்சரிக்கை வருகிறது. மீறி கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிந்தால்) உள்ளே இருக்கும் கோப்பு ஒன்றுகூடப் போகாது. 160000 என்ற மோடுடன் (பதிவின் வகையைச் சொல்லும் எண்) ஒரே ஒரு பதிவு, அதில் உள் ரெப்போவின் கமிட் எண். அவ்வளவுதான். எங்கிருந்து எடுப்பது என்ற முகவரி இல்லாததால் வேறு கணினியில் காலி ஃபோல்டர்தான் கிடைக்கும். பிளகினை சப்மாட்யூலாக, அதாவது உள்ளே இணைக்கப்பட்ட ரெப்போவாக, சப்மாட்யூல் ஆட் கட்டளையால் சேர்த்தால் முகவரி 'டாட் கிட்மாட்யூல்ஸ்' கோப்பில் ஏறிவிடுகிறது.

சரி, மாற்றங்களைக் கவனிப்பது எப்படி? பிளகினைப் புதுப்பித்துவிட்டு வெளி ரெப்போவில் டிஃப் (வேறுபாடு) பார்த்தால் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, ஒவ்வொன்றும் 40 எழுத்து. அதை வைத்து என்ன செய்ய? கிட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிகில் 'டிஃப் டாட் சப்மாட்யூல்' என்பதற்கு 'லாக்' என்று கொடுத்தேன். இப்போது இடையில் வந்த கமிட்களின் தலைப்புகள் வரிசையாக வருகின்றன. எதற்காகப் புதுப்பித்தோம் என்று கமிட் செய்தியில் எழுத இதுவே போதும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. எதையும் தொடாத பிளகின்கள்கூட மாற்றங்களைப் பட்டியலிடும் ஸ்டேட்டஸில் 'அன்ட்ராக்ட் கன்டென்ட்' (கிட்டில் சேர்க்காத கோப்பு இருக்கிறது) என்று நின்றன. விம்மின் உதவிப் பக்கங்களுக்கு அட்டவணை போடும் ஹெல்ப்டேக்ஸ் கட்டளை ஒவ்வொரு பிளகினின் 'டாக்' ஃபோல்டரிலும் 'டேக்ஸ்' என்றொரு கோப்பை உருவாக்குகிறது, அதுதான் காரணம். சப்மாட்யூலுக்கே 'இக்னோர்' (கண்டுகொள்ளாதே) போடலாம். ஆனால் நான் புதிதாக எழுதும் கோப்பும் மறைந்துபோகும். அதனால் எல்லா ரெப்போவுக்கும் பொதுவான இக்னோர் கோப்பில் 'டாக்/டேக்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தேன். ஸ்டேட்டஸ் சுத்தமாகிவிட்டது.

ஒரு பிளகினில் நானே கை வைக்கிறேன். சப்மாட்யூல் அப்டேட் கொடுத்ததும் ஹெட் (இப்போது நிற்கும் கமிட்டைக் காட்டும் குறி) எந்தக் கிளையிலும் (கமிட்களின் தொடர்) இல்லாமல் நிற்கும் என்பதால், முதலில் கிளைக்கு மாறிவிட்டுத்தான் திருத்த வேண்டும். சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷிலும் உள் ரெப்போவில் இருப்பது முதலில் போக வேண்டும். 'புஷ் டாட் ரீகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' என்பதை 'செக்' என்று வைத்திருக்கிறேன். உள் கமிட் சர்வரில் இல்லையென்றால் வெளி புஷ்ஷை கிட் மறுத்துவிடுகிறது.

'சப்மாட்யூல் டாட் ரீகர்ஸ்' போட்டபின் புல் செய்தாலே (சர்வரிலிருந்து இழுத்தாலே) பிளகின்களும் சேர்ந்து நகர்கின்றன. ரெப்போவைப் புதிதாக நகலெடுக்கும் குளோனுக்கு மட்டும் அது செல்லாது, அங்கே உள் ரெப்போக்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லும் ரீகர்ஸ் விருப்பத்தைக் கையால்தான் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன்.