கழுவ ஒப்புக்கொடுப்பது: லெந்து (தவக்கால) நாட்குறிப்பு

ஏப்ரல் 9, 2025, புதன்

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வேலூர் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சபையில் யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அத்தை. நான் பெட்பேன் எடுத்துப் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "உனக்கு எதுக்கும்மா இந்தப் பாவம்?" என்கிறார். வலியைவிட அதுதான் அவரை வாட்டுகிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனிக்குப் போய் வந்தேன். ஓலைச் சிலுவையை அத்தையின் தலையணைக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கு காபி கொடுத்தாயா என்று அத்தை என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மருந்து வாங்க சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி பக்கம் போனேன். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம். 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற மாற்கு 10:45 வசனம்தான் அதன் குறிக்கோள். இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. அத்தையும் அப்படி வளர்ந்தவர்தான். ஆனால் ஊழியம் செய்யத் தெரிந்த அளவுக்கு அதை ஏற்றுக்கொள்ள நாம் பழகவில்லை.

அதே சிஎம்சியில் வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துக்கொண்டேன். 1954-ல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். எல்லோரும் அதைத்தான் சாட்சியாகச் சொல்வார்கள். எனக்கோ அதற்கு முந்தைய மாதங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. தானே ஒரு டாக்டராக இருந்தும், புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கையை நம்பிக் கிடந்த நாட்கள். அந்தப் படுக்கையிலும் கிருபை குறைவாக இருந்திருக்காது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாயங்காலம் வெந்நீர் விளாவி எடுத்துப் போனேன். கட்டில் ஓரம் பேசினை வைத்து, அத்தையின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். ஒவ்வொரு வெடிப்பிலும் சோப்புத் தண்ணீர் இறங்கியது. எத்தனை வீட்டு வாசல் ஏறிய கால்! முதலில் இழுத்துக்கொண்டார், பிறகு விட்டுவிட்டார்.

ராத்திரி ஆராதனையில், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னதைத் தாழ்மை என்றுதான் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆண்டவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று கண்டிப்பாகவே சொல்கிறார். தாழ்மையின் உடையில் வந்தாலும் அது 'எனக்கு யாரும் வேண்டாம்' என்கிற பெருமைதானே!

வீட்டுக்கு வந்து முந்தின அதிகாரத்தையும் புரட்டினேன். சீஷர்களின் கால்களைக் கழுவுவதற்குச் சில நாள் முன்பு, பெத்தானியாவில் மரியாள் பரிமளதைலம் பூசித் தன் தலைமயிரால் துடைத்தபோது, ஆண்டவர் தம் பாதங்களை இழுத்துக்கொள்ளவில்லை. குறை சொன்ன யூதாசிடம், "அவளை விட்டுவிடு" என்றார். சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவரும் அவர்தான். வாங்கிக்கொள்வதை அவர் ஒருநாளும் இழிவாக நினைக்கவில்லை. அத்தைக்கு இதை உரக்க வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை வாசி" என்றார்.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். விடியற்கால ஆராதனைக்கு என் வீட்டுக்காரர் போகட்டும், நான் அத்தையோடு இருக்கிறேன். பிரியாணியைத் தானே செய்து அனுப்புவதாகப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். அத்தை சரி என்றுவிட்டார்! கொஞ்ச நேரம் கழித்து, "மட்டனுக்காவது காசு கொடுத்துடும்மா" என்றார். அக்கா வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.