நைரோபியில் ஒரு பீனட் பட்டர் பாட்டிலுக்கு முத்திரை வாங்கியது

ஆப்பிரிக்காவில் பெண்கள் தொழில் செய்வதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. பாவம், ஏழைப் பெண்கள் குழுவாக உட்கார்ந்து கூடை முடைகிறார்கள் என்று ஒரு பரிதாபக் கதை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லாமல் தொடங்கி கோடீஸ்வரி ஆனவர் கதை. நான் நைரோபியில் பக்கத்தில் இருந்து பார்த்தது இரண்டிலும் சேராது. தெருவில் நன்றாக விற்கிற ஒரு பொருளைக் கடை அலமாரி வரை கொண்டுபோவதற்குள் என்னென்ன பட வேண்டியிருக்கிறது என்பதுதான் இது. யாருக்காவது பயன்படும் என்றுதான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் நிலக்கடலையை வறுத்து அரைத்து பீனட் பட்டர் விற்கும் ஒரு பெண்மணி இருக்கிறார். சொந்த ஊர் மேற்குக் கென்யாவில் ஹோமா பே பக்கம். பெயரெல்லாம் எழுதாதே என்று சொல்லிவிட்டதால் இங்கே அக்கா என்றே எழுதுகிறேன், வயதிலும் மூத்தவர்தான். நான் கணவர் வேலையை ஒட்டி டிபென்டன்ட் பாஸில் வந்தவள். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு சம்பாதிக்கக் கூடாது. வெளிநாட்டுக்காரர் முதலீட்டாளர் பெர்மிட் கேட்டால் ஒரு லட்சம் அமெரிக்க டாலர் முதலீடு காட்ட வேண்டும். அதனால் தொழில் முழுக்க முழுக்க அக்காவுடையது. கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்புவது, ஆபீஸுக்குக் கூடப்போவது, கடலை பொறுக்குவது, இவ்வளவுதான் என் பங்கு. திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை உடைத்து வளர்ந்த கை, பொறுக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பதிவு செய்வதுதான் பெரிய மலை என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அது அப்படி ஒன்றுமில்லை. இ-சிட்டிசன் என்ற அரசாங்க இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, வைக்க நினைக்கும் பெயர்களை வரிசையாகக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும், ஏற்கெனவே யாரும் எடுக்காத பெயர் ஒன்று தேறும், சுமார் ஆயிரம் ஷில்லிங்கை எம்-பெசாவில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் வசதி) கட்டினால் வேலை முடிந்தது. அரசாங்கத்துக்கு எந்தப் பணம் கட்டினாலும் இப்போது எம்-பெசாவில் ஒரே பேபில் எண் (பணம் கட்டும் எண்), 222222. ஒரு ஏஜென்ட் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகத்தான் போட வேண்டும், அப்போதுதான் மதிப்பு என்று விடாமல் சொன்னார் (அவருடைய ஃபீஸும் அதற்கேற்றபடி). நாங்கள் வெறும் வணிகப் பெயராகவே பதிந்தோம். ஆண்டு விற்றுவரவு 10 லட்சம் ஷில்லிங்கிலிருந்து இரண்டரைக் கோடிக்குள் இருந்தால் மாதாமாதம் விற்றுவரவில் 3 விழுக்காடு வரி கட்டினால் போதும், லாப நஷ்டக் கணக்கையெல்லாம் ஆடிட்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். விரிவாக்கம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது கவுன்ட்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) அனுமதி. இங்கேதான் முதல் செலவு. வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்கு அனுமதி கிடையாது என்று சுகாதார அலுவலர் கறாராகச் சொல்லிவிட்டார். கழுவக்கூடிய சுவர், தனித் தண்ணீர் இணைப்பு, வறுக்கும் இடம் வேறு, அரைத்து அடைக்கும் இடம் வேறு, இவை இருந்தால்தான் கையெழுத்து. ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து எண்ணெய்ப் பெயின்ட் அடித்தோம். உணவைத் தொடும் ஒவ்வொருவரும் மலப் பரிசோதனை உட்பட மருத்துவச் சோதனை செய்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அக்காவுக்கு உதவி செய்த பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆனாலும் போனார்கள்.

இதுவரைக்கும் வந்துவிட்டுப் பல பெண்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நிற்பதில் தப்பும் இல்லை, ஏனென்றால் அக்கம்பக்கம், சர்ச், பள்ளிக்கூட வாசல் இந்த மூன்றிலேயே நன்றாக ஓடும். கடைக்காரரிடம் போனால்தான் முதல் கேள்வியே கெப்ஸ் முத்திரை இருக்கா என்று வருகிறது. கெப்ஸ் என்பது கென்யாவின் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு. நம் ஊர் எஃப்எஸ்எஸ்ஏஐ, ஐஎஸ்ஐ இரண்டையும் சேர்த்து ஒன்றாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய. முத்திரை இல்லாத பாட்டிலை அலமாரியில் வைத்தால் கடைக்காரருக்கும் ஆபத்து.

பீனட் பட்டரில் இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் அஃப்ளாடாக்சின். ஈரத்தில் கிடக்கும் கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது, கல்லீரலைத் தாக்கும். 2004-இல் மக்குவேனி, கிடுயி பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். 2019-இல் கெப்ஸ் சில பீனட் பட்டர் பிராண்டுகளை இதே காரணத்துக்காகச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது, அதில் பெரிய பெயர்களும் இருந்தன. சட்டப்படி மொத்த அஃப்ளாடாக்சின் நூறு கோடியில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது. அதை மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது.

சோதனைக்குக் கொடுத்த எங்கள் முதல் சாம்பிளில் அந்த அளவு பத்தைத் தாண்டியிருந்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை, வாடிக்கையாளர் யாரும் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அக்கா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என் பிள்ளைகளும் இதைத்தானே தின்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு முத்திரைக்காக என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது.

சரி, நஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அறையில் இல்லை, மூட்டையில். நைரோபியில் தானியமும் பயறும் மொத்தமாக வாங்க எல்லாரும் போகிற இடம் நியமகிமா. அங்கே ஒரு கடையில் மூட்டையைப் பிரித்துக் கையை அடிவரை விட்டுப் பார்த்தோம். மேலே இருந்தது புதுக்கடலை, நன்றாகக் காய்ந்து சலசலவென்று இருந்தது. அடியில் கை பட்ட இடம் குளிர்ச்சியாக, லேசான பிசுபிசுப்போடு இருந்தது. மூட்டை சிமென்ட் தரையில் நேரடியாக நின்றுகொண்டிருந்தது, அடியில் ஒரு பலகைகூட இல்லை. பழைய சரக்கோடு புதுசைக் கலந்து கட்டுவது வியாபாரத்தில் சகஜம் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். நல்ல மனிதர்தான், அவர் யாரிடம் வாங்குகிறாரோ அவரும் அதையேதான் செய்கிறார்.

அப்புறம் நடந்தது எல்லாம் பொறுக்கும் வேலை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் இறங்கும் யாருக்கும் இதுதான் உயிர். வெளிச்சம் வரும் ஜன்னலோரம் மேசை போட்டு வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். பச்சைக் கடலையில் சுருங்கியது, நிறம் மங்கியது, உடைந்தது, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தது எல்லாம் தனியே. அது முதல் சுற்று. லேசாக வறுத்துத் தோலைத் தேய்த்து ஊதிய பிறகு இரண்டாம் சுற்று, இதுதான் முக்கியம், ஏனென்றால் தோலுக்கு அடியில் மஞ்சளும் சாம்பலுமாகக் கறை பிடித்த பருப்பு அப்போதுதான் தெரியும். நஞ்சு எல்லாக் கடலையிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை, கொஞ்சம் பருப்பில்தான் மொத்தமும் குவிந்து கிடக்கும். அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் அளவு சடாரென்று இறங்கிவிடும்.

எடுத்ததை என்ன செய்வது என்பதில்தான் சண்டையே வந்தது. பின்வீட்டில் கோழி வளர்ப்பவர் கேட்டார், கொடுக்க மாட்டோம் என்றதும் கோபித்துக்கொண்டார். கோழிக்கும் அது நஞ்சுதான், மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும், இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எரித்தோம். காசு எரிவதைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

அதோடு மூட்டை வாங்குவதையும் மாற்றியாயிற்று. அக்காவின் தங்கை ஹோமா பேயிலேயே இருக்கிறார். நீள்மழை (இங்கே ஆண்டின் பெரிய மழைக்காலம்) முடிந்து அறுவடையாகும் சமயம் அங்குள்ள பெண்களிடம் நேராக ஓட்டோடு வாங்கி, வெறும் மண்ணில் காயப்போடாமல் தார்ப்பாயில் காயவைத்து, குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்ட பிறகே சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்புகிறார். நியமகிமா விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது, கழிவு குறைவதால் கணக்கு நேராகிவிடுகிறது. மறுபடி சோதித்தபோது எல்லைக்கு வெகு கீழே வந்தது. பிறகு கெப்ஸ் ஆட்கள் வந்து இடத்தைப் பார்த்தார்கள், அவர்களே சாம்பிள் எடுத்துப் போனார்கள், லேபிளில் பேட்ச் எண் எங்கே, நிகர எடை எங்கே, காலாவதித் தேதி ஏன் மூடியில் இருக்கிறது என்று கேட்டார்கள். லேபிளைத் திரும்ப அச்சடித்தோம். முத்திரை எண் கிடைத்த அன்று அக்கா முதலில் செய்த காரியம், அந்த எண்ணை 20023-க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் தன் வணிகப் பெயர் பதிலாக வருகிறதா என்று பார்த்ததுதான். வாங்குகிற யாரும் இப்படிச் சரிபார்க்கலாம். பார்கோடு தனி, அது ஜிஎஸ்1 கென்யாவில் வாங்க வேண்டும், கென்யப் பொருள் என்றால் 616 என்று தொடங்கும்.

இதற்கெல்லாம் பணம்? பேங்க் பக்கம் போனோம், பெயர் வேண்டாம். நிலப் பத்திரம் அல்லது வண்டியின் லாக்புக் (நம் ஊர் ஆர்சி புக்) கொண்டுவாருங்கள் என்றார்கள். நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான் இருக்கிறது, அக்காவின் குடும்பத்திலும் அப்படியே. மெஷின், சரக்கு போன்ற அசையும் சொத்துகளை ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம் என்று கென்யாவில் 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைச் சொன்னோம். அதிகாரிக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருந்தது, ஆனால் எங்கள் கிளையில் அப்படிக் கொடுத்ததில்லை என்று மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

கைகொடுத்தது சாமா. நம் ஊர் சீட்டுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் நடுவில் ஒன்று. அக்காவின் சாமா மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். நான் போன அன்று, எல்லாரும் தவணையை மேசைமேல் வைத்தார்கள், பொருளாளர் எல்லார் முன்னிலையிலும் எண்ணினார், செயலாளர் நோட்டில் எழுதினார், தாமதமாக வந்த இரண்டு பேருக்கு அங்கேயே அபராதம். சேர்ந்த பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, கேட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே கடனாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். வட்டி மாதம் நூற்றுக்குப் பத்து. கந்துவட்டி மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஆண்டு முடிவில் அந்த வட்டி மொத்தமும் அதே பெண்களுக்குப் பங்காகத் திரும்பி வந்துவிடுகிறது, யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று கூடியிருப்பவர்கள் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் கொடுக்கிறார்கள். அக்காவிடம் கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட பேங்கில் கேட்கவில்லை. அரைக்கும் மெஷின் (கரியோபாங்கியில் உள்ளூர்ப் பட்டறையில் செய்தது) அந்தப் பணத்தில்தான் வந்தது. பிறகு குழுவை முறைப்படி பதிந்து, 2007-இல் அரசு தொடங்கிய மகளிர் தொழில் நிதியிலும் கேட்டார்கள். வட்டி இல்லை, நிர்வாகச் செலவுக்கு 5 விழுக்காடு மட்டும். நல்ல திட்டம், ஆனால் குழுவாகத்தான் போக வேண்டும், ஒருவர் கட்டாவிட்டால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். 2022-இல் வந்த ஹஸ்லர் ஃபண்ட் என்ற அரசுக் கடன் திட்டம் போனிலேயே நொடியில் தரும், ஆனால் தொடக்கத்தில் 500 ஷில்லிங் என்ற கணக்கில் கொடுத்து இரண்டே வாரத்தில் திருப்பிக் கேட்டால் மெஷினா வாங்க முடியும், தக்காளி வாங்கி விற்கலாம்.

பெண் தொழில்முனைவோருக்கு என்று ஹோட்டல் ஹாலில் நடக்கும் பயிற்சிகளுக்கும் போனோம். சமோசா நன்றாக இருந்தது. தைரியமாக இருங்கள், கனவு காணுங்கள் என்று காலை முழுக்கச் சொன்னார்கள். ஈரத்தை எப்படி அளப்பது, சாம்பிளை எங்கே கொடுப்பது என்று கேட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்றார்கள். அக்காவுக்குத் தைரியத்துக்கு என்ன குறை? அவர் அடிக்கடி சொல்வது ஃப்ளோரா முட்டாஹியைத்தான், 1995-இல் மெல்வின்ஸ் டீ தொடங்கி, பிறகு கென்ய உற்பத்தியாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவராக ஆனவர். அவர் மாதிரி ஒருவர் வந்து லேபிள் பற்றி அரைமணி நேரம் பேசினால் போதும் என்பார்.

முத்திரை வந்ததும் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடவில்லை, இதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். பெரிய கடைகளில் பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம். நகுமாட் என்ற பெரிய சூப்பர்மார்க்கெட் தொடர் 2017 வாக்கில் சரிந்தபோது சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பல நூறு கோடி ஷில்லிங் தொங்கலில் நின்றது, சாமாவில் ஒருவர் அதில் அடிபட்டவர். அரசாங்கக் கொள்முதலில் 30 விழுக்காடு பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழை வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் அரசு பில் எப்போது பாஸாகும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம் என்று தொடவில்லை. இப்போது சின்னக் கடைகள், இரண்டு ஜிம், ஒரு தனியார் பள்ளி. பாட்டிலை இறக்கினால் அக்காவின் டில் எண்ணுக்கு (வியாபாரி பணம் வாங்கும் எண்) எம்-பெசா வந்தாக வேண்டும், வராவிட்டால் பாட்டில் திரும்பப் பைக்கில் ஏறிவிடும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் சாமா கடன் அடைந்துவிட்டது.

இப்போது சாமாவில் தயிர் செய்து விற்கும் இன்னொருவர் எங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பால் பொருள் என்பதால் கெப்ஸுக்கு மேல் கென்யப் பால் வாரியத்தின் லைசென்ஸும் வேண்டுமாம். பிரிட்ஜ் வைக்க ஒரு அறை தேடிக்கொண்டிருக்கிறோம், மின்சாரம் அடிக்கடி போகாத தெருவாகக் கிடைத்தால் நல்லது.