சிறிய காரின் குலுக்கமும் சில்லறை ஓசைகளும்: இதுவரை செய்து பார்த்தவை

என்னிடம் இருப்பது 12 அங்குலச் சக்கரங்களும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட, எடை 700 கிலோவைச் சற்றே தாண்டும் பழைய சிறிய கார். எஞ்சினிலும் மைலேஜிலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முதுகில் ஓர் அடி விழுகிறது. அதோடு உள்ளே ஏதோ ஒன்று எப்போதும் லொடலொடத்துக்கொண்டே இருக்கிறது. விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம் என்று தொடங்கிய வேலை இது. குலுக்கமும் ஓசையும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதுதான் இதில் எனக்குக் கிடைத்த முதன்மையான செய்தி. அதற்கான சான்றைப் பின்னால் சொல்கிறேன்.

சிறிய கார் ஏன் தூக்கிப் போடுகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 65 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினால் 260 கிலோ. அது காரின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல். பெரிய காரில் அதே நால்வர் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகமாட்டார்கள். நால்வரும் டிக்கி நிறையச் சாமான்களும் ஏறினாலும் அடிதட்டாமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். ஓட்டுநர் தனியாகச் செல்லும்போது அந்த விறைப்பு முழுவதும் அவர் முதுகுக்கே வருகிறது. இத்துடன் முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் குறைவு. என் காரில் அது 2.4 மீட்டருக்கும் கீழே, 40 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் ஏறிய மேட்டில் பின் சக்கரம் ஏற ஏறக்குறைய 0.2 வினாடியே ஆகிறது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பின் பகுதி முன் பகுதியைவிடச் சற்று விரைவாக எழுந்து தாழும்படி அமைத்தால் இரண்டும் விரைவில் ஒத்திசைந்து, வண்டி முன்னும் பின்னுமாக ஊசலாடுவது குறையும் என்று காட்டினார். பின்னிருக்கையில் இருவர் அமர்ந்தால் என் கார் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஆனால் அலுவலகத்திற்குத் தினமும் இருவரை ஏற்றிச் செல்ல இயலாதே.

ஸ்பிரிங்கில் கை வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், மிஞ்சியது டயர். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டப்பட்டுள்ள தாளில் என் காருக்கு டயர் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது, அது டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டிய அளவு. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர் எல்லா வண்டிக்கும் பொதுவாக 35 வைத்துவிடுகிறார். வெப்பநிலை ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. கூடும் என்பது தோராயக் கணக்கு. ஆகவே காலையில் 35 வைத்த டயர், ஏப்ரல் மாதத் திருச்சி வெயிலில் சூடேறிய தார்ச்சாலையில் ஓடியபின் 40ஐத் தொடுவதில் வியப்பில்லை. கையடக்க அழுத்தமானி ஒன்றை வாங்கி, விடியற்காலையில், வண்டியை எடுக்கும் முன்பு நானே அளந்து 30க்குக் கொண்டுவந்தேன். இந்த முயற்சி முழுவதிலும் செலவுக்கு மிகுந்த பலன் தந்தது இந்த மானிதான். சாலை சரியில்லை என்பதற்காக அதற்கும் கீழே இறக்குவதை நான் ஏற்கமாட்டேன்; டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கிச் சூடாகும், பள்ளத்தின் விளிம்பில் ரிம் அடிபடும். நைட்ரஜன் நிரப்பினால் மெத்தென்று ஓடும் என்பதையும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்பதால் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

உணர்வை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக, ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றி, கைப்பேசியை ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத்தை ஒட்டிய தரையில் நாடா போட்டு இறுக்கி, மேல்கீழ் முடுக்கத்தைப் பதிவு செய்தேன். திருச்சியில் சிந்தாமணியிலிருந்து மாம்பழச் சாலைக்குச் செல்லும் காவிரிப் பாலம் இதற்கு வாய்ப்பான சோதனைத் தடம். இணைப்புகள் சீரான இடைவெளியில் வருவதால் ஒவ்வொரு அடியும் வரைபடத்தில் தனித்தனியாகத் தெரியும். காரின் உடல் எழுந்து தாழ்வது வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை. சக்கரம் தன் போக்கில் துள்ளுவது வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை. மனித உடல் செங்குத்து அதிர்வை மிகவும் உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான பகுதியில் என்று ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை சொல்கிறது. காற்றைக் குறைத்தபின் இணைப்புகளில் வந்த கூர்மையான உச்சங்கள் தெளிவாகத் தாழ்ந்தன. மெதுவான எழுச்சியிலும் தாழ்விலும் எந்த மாற்றமும் இல்லை. டயரால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்பதை வரைபடமே ஒப்புக்கொண்டது.

நண்பர்கள் சிலர் 13 அங்குல அலாய் சக்கரம் போடச் சொல்கிறார்கள். 145/80 ஆர் 12 என்றால் டயரின் அகலம் 145 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, சக்கரம் 12 அங்குலம்; ஆக அதன் பக்கச்சுவர் 116 மி.மீ.; அதே சுற்றளவுக்கு நெருங்கி வரும் 155/65 ஆர் 13 டயரில் அது 101 மி.மீ. மட்டுமே. பார்வைக்கு அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான் தேடுவது அந்த 15 மி.மீ. ரப்பரைத்தான்.

அடுத்து வண்டிக்கு அடியிலிருந்து வந்த ஓசைகள். உள்ளே லொடலொடப்பது எரிச்சலோடு போய்விடும். அடியில் 'டொக்' என்பது பாதுகாப்புச் செய்தியாகவும் இருக்கலாம் என்பதால் அதை முன்னே வைத்தேன். என் காரில் குறைந்த வேகத்தில், அதுவும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கல்லில் ஏறும்போது, இடப்பக்கம் முன்னால் 'டொக் டொக்' என்று தட்டியது. வேகத்தடையில் இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் அந்த ஓசை வரவில்லை. இரு பக்கமும் ஒன்றாக எழும்போது, இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் தண்டு முறுக்கப்படுவதில்லை; ஒரு பக்கம் மட்டும் எழுந்தால்தான் முறுக்கம் ஏற்பட்டு, அதன் முனையைப் பிடித்திருக்கும் சிறு கம்பியான லிங்க் ராடுக்கு வேலை வருகிறது. இதைச் சொன்னதும் எங்கள் தெரு மெக்கானிக், “அப்ப ஷாக் அப்சார்பரைக் கழட்டவே வேணாம் சார், லிங்க் ராடைப் பார்த்தாப் போதும்” என்றார். கையால் அசைத்தபோதே அதன் பந்து இணைப்பு ஆடியது. இரு பக்கமும் மாற்றினோம்.

அதே சமயத்தில், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களும் வெடித்திருந்ததால் அவற்றையும் மாற்றும்படி ஆயிற்று. இங்கே ஒரு நுணுக்கத்தை அழுத்திச் சொல்லவேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டம் விறைப்பாவதோடு புதிய புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். எடை சக்கரங்களின் மேல் அமர்ந்தபின்தான் கடைசி இறுக்கு கொடுக்கவேண்டும். மெக்கானிக்கிடம் இதைக் கேட்டபோது, அதனால்தான் வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தியிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். புஷ் மாற்றிய அன்றே வீல் அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லை. மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து நின்றுவிடுகின்றன. எனவே அவை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேகத்தடையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி, பொதுப் போக்குவரத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்றது. எங்கள் தெருவில் உள்ளது ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதற்கு எந்த ஷாக் அப்சார்பரும் மருந்து இல்லை.

காருக்குள்ளே இருந்த ஓசைகள்தான் பொறுமையைச் சோதித்தன. ஓட்டிக்கொண்டே தேடுவது ஆபத்தானது என்பதால், ஓட்டுவதை என் தம்பியிடம் விட்டுவிட்டு, நான் பின்னிருக்கையிலும் பக்கத்து இருக்கையிலும் மாறி மாறி அமர்ந்து, ஓசை வரும்போது ஒவ்வொரு பாகத்தையும் கையால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தியதும் ஓசை நின்றால் அதுதான் இடம். அதற்கு முன்னதாக டிக்கியையும் கதவுப் பைகளையும் கையுறைப் பெட்டியையும் முழுவதுமாகக் காலி செய்தேன். சில்லறைக் காசும் தண்ணீர்ப் பாட்டிலும் பழைய டார்ச் விளக்கும் வெளியேறியதுமே பாதி ஓசை போய்விட்டது. பிறகு ஸ்டெப்னியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தது, ஜாக்கி தன் தாங்கியில் ஆடியது, யாரும் போடாத பின்னிருக்கை பெல்ட்டின் கொக்கி பிளாஸ்டிக் தூணில் தட்டியது என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பார்சல் ட்ரே உட்காரும் பள்ளங்களில் துணி நாடா ஒட்டினேன். பின் கதவின் இரு ஓரங்களிலும் உள்ள ரப்பர் முட்டுகள் திருகி நீட்டக்கூடியவை; கதவை மூடும்போது அவை சற்று அழுந்தும் அளவுக்கு வெளியே எடுத்ததும், பின்புறம் வெகு நாளாகக் கேட்டுவந்த தடதடப்பு அடியோடு நின்றது.

'கிரிச் கிரிச்' என்பது வேறு இனம். அது தளர்ந்த பொருளின் ஓசை அன்று. இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொண்டு, பின் சட்டென்று வழுக்கி, மீண்டும் ஒட்டிக்கொள்வதால் எழுவது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துண்டைச் செருகினால் அடங்கும். கதவுச் சட்டத்தைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் காய்ந்து கதவோடு உரசுவதும் இதே வகைதான். அதைத் துடைத்துச் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவினேன். வீட்டில் இருக்கிறதே என்று வாசலினையோ எஞ்சின் எண்ணெயையோ தடவக்கூடாது. பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப் பிசுபிசுத்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் கேட்ட ஒரு தகர ஓசையும் இருந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 850 சுற்றில் நிற்கும்போது வினாடிக்கு 21 முறை வெடிக்கிறது. சைலன்சர் குழாய்க்கு மேலே உள்ள வெப்பத்தடுப்புத் தகட்டின் ஒரு திருகு துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததால் அந்தத் தாளத்துக்கு அது ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சின் நன்கு ஆறியபின் குழாயையும் தகட்டையும் சேர்த்து ஒரு துருப்பிடிக்காத ஹோஸ் கிளாம்ப்பால் இறுக்கினேன், முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு பின்னிருக்கையில் அப்பாவை அமர்த்தி, அதே பாலத்தைக் கடந்தேன். “என்னடா, ஷாக் அப்சார்பர் மாத்திட்டியா? முன்னே மாதிரி தூக்கிப் போடலையே” என்றார். உள்ளே இருந்த ஓசைகளை நீக்கும் முன்பும் நீக்கிய பின்பும், அதே காற்றழுத்தத்தில், அதே வேகத்தில் எடுத்த இரண்டு பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. காருக்குக் கிடைத்த அடி அப்படியே இருக்கிறது; அடியோடு சேர்ந்து வந்த லொடலொடப்பு மட்டும் போயிருக்கிறது. அவர் முதுகு பாதி, காது பாதியாகத்தான் பள்ளத்தை அளந்திருக்கிறார் என்று கொள்கிறேன். பழைய காரில் சஸ்பென்ஷனுக்குப் பெரும் பணம் செலவிட நினைப்பவர்கள், பாகங்களில் பழுது இல்லாத நிலையில், முதலில் இந்தச் சில்லறை ஓசைகளைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது நல்லது என்று நான் கருதுவது இதனால்தான்.

கதவுகளுக்குப் பியூட்டைல் அதிர்வடக்கி அட்டைகளும் ஒட்டினேன். வெளித்தகட்டின் நடுப்பகுதியில் ஒரு பங்கு ஒட்டினாலே தகட்டின் அதிர்வு அடங்குகிறது. முழுவதும் மூடுவது எடையைத்தான் கூட்டும். கதவை மூடும்போது வரும் தகர ஓசை கனத்த ஓசையாக மாறியது மனத்துக்கு இதமாக இருக்கிறது என்றாலும், ஓடும்போது உள்ளே கேட்கும் டயர் இரைச்சலில் சிறிதளவே குறைவு. மலிவான தார் அட்டைகளை நம் வெயிலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், இளகி நாறும். கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகளை அட்டையால் மறைத்துவிட்டால் மழைநீர் உள்ளே தங்கித் துரு ஏறும்.

காற்றிரைச்சலைத் தொடவில்லை. வேகம் இருமடங்கானால் அது 18 டெசிபல் அளவுக்கு ஏறக்கூடியது. சென்னை நெடுஞ்சாலையில் 100இல் போனால் அது கேட்கத்தான் செய்யும். நான் 80இல் போகிறவன்.

இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டு. மார்கழிக் குளிரில் காலை நேரத்தில் மட்டும் டேஷ்போர்டின் இடது மூலையில் ஒரு 'டிக் டிக்' எழுந்து, வெயில் ஏறியதும் தானே அடங்குகிறது. அந்த மூலையில் பயணியின் ஏர்பேக் இருப்பதால் அதைக் கழற்ற எனக்கு விருப்பமில்லை. மற்றொன்று டயர்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் 2319 என்கிறது, அதாவது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தவை. ரப்பர் இறுகிப்போய் நகம் பதிவதே இல்லை. அதே 145/80 அளவிலேயே புதியவை வாங்கி, பேலன்சிங் செய்தபின், காவிரிப் பாலத்தில் மறுபடி ஒரு பதிவெடுக்கவேண்டும்.