பைன் பலகையின் கோடுகளை வாசிப்பது எப்படி?

வளையம் அகலமாக இருந்தால் அந்த வருஷம் நல்ல மழை, ஒடுங்கியிருந்தால் பஞ்சம் என்று செட்டிநாட்டு வீட்டு உத்திரத்தைக் காட்டிச் சொல்வார்கள். இந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, பர்மா தேக்கை விட்டுவிட்டு, ஒரு துண்டு பைன் பலகையில் தொடங்குவது நல்லது. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரே வகைச் செல்தான். அதனால் பருவத்தின் தடம் கலப்பில்லாமல் தெரியும்.

காரைக்குடி மரக்கடையில் பெட்டிப் பலகையின் கழிவுத்துண்டு கேட்டாலே போதும். வளையம் தெரிவது அறுத்த முனையில்தான். அதை 120, 220, 400 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் நின்றுவிடும், அதுவே வளையம்போலக் கண்ணை ஏய்க்கும். பைனில் பிசின் இருப்பதால் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தேய்க்காமல் இழுக்கிறது என்றால் தாளை மாற்றுங்கள். பிறகு 10 மடங்கு லென்ஸ். ஒவ்வொரு வளையமும் ஒரு வெளிர்ப்பட்டையும் அதை அடுத்த கரும்பட்டையுமாகத் தெரியும்.

வெளிர்ப்பட்டை, பருவத் தொடக்கத்தில் வந்த பெரிய, மெல்லிய சுவர் கொண்ட செல்கள். அது மெல்ல மெல்லக் கருத்து, சட்டென்று கத்தியால் வெட்டியதுபோல முடியும். அந்த விளிம்பில் மரம் குளிருக்கு உறங்கப் போயிருக்கிறது. கருமை கூர்மையாக முடியும் பக்கம்தான் மரப்பட்டை இருந்த திசை. இரண்டு பக்கமும் மங்கலாகக் கரையும் கருங்கோடு இருந்தால் அது பொய்வளையம்: பருவத்தின் நடுவில் தண்ணீர் இல்லாமல் செல்கள் சிறுத்து, மழை வந்ததும் மறுபடி பெருத்ததன் அடையாளம். எண்ணிக்கையில் சேர்த்தால் வயது கூடிவிடும். கடும் வறட்சியில் இதற்கு நேர்மாறாக, அடிமரத்தின் சில பக்கங்களில் வளையமே விழாமல் போவதும் உண்டு. கொடைக்கானல் போன்ற இடத்துப் பைனில், குளிர்கால உறக்கம் தெளிவாக இல்லாததால் பொய்வளையத் தொல்லை அதிகம்.

இனி தட்பவெப்பம். மரத்துக்கு எது பற்றாக்குறையோ அதைத்தான் வளையம் பதிவு செய்யும். மரங்கள் வளரக்கூடிய மலை உச்சி எல்லையில் ஈரம் போதும், வெயில்தான் போதாது. அங்கே ஒடுங்கிய வளையம் குளிர்ந்த கோடையைக் காட்டும். வறண்ட அடிவாரச் சரிவில் அதே ஒடுக்கத்துக்குப் பொருள் தண்ணீர்ப் பஞ்சம். மேற்கு இமயத்துத் தேவதாரு இன்னும் சுவாரஸ்யம். அதன் அகலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஜூன் மாதப் பருவமழை அல்ல. அதற்கு முந்தைய மார்ச் முதல் மே வரையிலான ஈரம். அந்த மாதங்களில் வெயில் ஏறினால் மண் காய்ந்து வளையம் குறுகிவிடும். ஆகவே வெப்பம் என்றாலே வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது. மரம் எந்த உயரத்தில், எந்தச் சரிவில், எவ்வளவு ஆழமான மண்ணில் நின்றது என்று தெரியாமல் வளையத்துக்குப் பொருள் சொல்வது வெறும் ஊகம் என்பேன்.

போன வருஷத்துச் சேமிப்பும் இந்த வருஷ வளையத்தில் கலந்திருக்கும். மரம் பருக்கப் பருக்க, எவ்வளவு நல்ல ஆண்டாக இருந்தாலும் வளையம் தானாக மெலியும். இந்த வயதுச் சரிவை ஒரு வளைகோட்டால் கழித்த பிறகே ஆண்டுகளை ஒப்பிடலாம். ஆய்வாளர்கள் உயிர்மரத்தில் 5 மி.மீ. துளைக்கருவியால் மெல்லிய குச்சி எடுப்பார்கள். வழக்கமாக மரத்துக்கு இரண்டு, ஓர் இடத்தில் 20 மரமாவது. ஒடுங்கிய ஆண்டுகளின் வரிசையை மரத்துக்கு மரம் பொருத்திப் பார்க்கும்போதுதான் பொய்வளையமும் விடுபட்ட வளையமும் பிடிபடும். அமெரிக்க வானியலாளர் டக்ளஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊன்றிய முறை இது. எண்ணுவதைவிடப் பொருத்துவதே இந்தத் துறையின் உயிர்.

தேக்கிலும் இப்படிப் பொருத்திப் பார்க்கலாம். வளையத் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். 2010இல் வெளியான பருவமழை ஆசியாவின் வறட்சி வரைபடத் தொகுப்பு, 300க்கும் மேற்பட்ட மர வளையத் தொடர்களைக் கொண்டு உருவானது. நம் தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய 1876–78 வறட்சி அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு தூணை வைத்து மரம் வெட்டிய ஆண்டைச் சொல்வது கடினம். ஆசாரிகள் வெள்ளையை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்ந்த வெளிமரத்தை, செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை மட்டும் வைப்பார்கள். வெளி வளையங்கள் அதோடு போய்விடும். பட்டையை ஒட்டிய விளிம்பு இல்லாத கட்டையில், கடைசியாக இருக்கும் வளையத்துக்குப் பிறகு எப்போதோ வெட்டியிருக்கிறார்கள் என்பதுவரைதான் சொல்லலாம். பனங்கட்டையில் அதுவும் முடியாது. பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது.