முதலில் கேட்டிருக்கலாம்

ஆத்தங்குடியில் அப்பாவின் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையை நான் எடுத்து நடத்த ஆரம்பித்து 4 வருஷம் ஆகிறது. போன மாசம் காரைக்குடி வீடு ஒன்றுக்குப் போன 400 கல்லில் பாதிக்கு மேல் முடி மாதிரி விரிசல். அனுப்பிய அத்தனையையும் திருப்பி எடுத்தோம்.

கோபத்தில் பட்டறைக்குப் போனேன். எங்கள் மூத்த கைக்காரர் கண்ணாடி மேல் அச்சை வைத்து, பச்சையையும் சிவப்பையும் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி முடிக்கும் வரை நிமிரவே இல்லை. அப்புறம்தான் சொன்னார்: "தம்பி, கல்லைத் தொட்டியிலேருந்து சீக்கிரம் எடுக்கச் சொன்னீங்கள்ல, அன்னைக்கே சொல்ல வந்தேன்."

ஆமாம், வந்தார். நான் போனில் இருந்தேன். "சொன்னதைச் செய்யுங்கண்ணே" என்று கையைக் காட்டிவிட்டேன். தண்ணீரில் நன்றாக ஊறினால்தான் சிமெண்ட் இறுகும் என்று சின்ன வயசிலேயே அப்பா சொன்னது. தேதிக்குக் கொடுக்கிற அவசரத்தில் அதுவும் மறந்துபோச்சு.

அன்று எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அச்சைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது காலையில் டீ வந்ததும் போனை உள்ளே வைத்துவிட்டு அவர்களோடு உட்காருகிறேன். கேட்டதை ராத்திரி நோட்டில் எழுதுகிறேன். முதல் வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. நேற்று கல் அடுக்குகிற அக்கா தானாகவே சொன்னார், கல்லை வெயிலில் காயப் போடுகிற இடத்தில் மதியத்துக்கு மேல் நிழல் விழுதாம். இன்றைக்கு இடத்தை மாற்றிவிட்டோம்.