ஒய் அழுத்தினேன், வைன் போயிற்று

அப்பாவின் ஹார்டுவேர் கடையில் பில் போடுவது ஒரு பழைய 32 பிட் விண்டோஸ் மென்பொருள். கணினியில் இருப்பதோ 64 பிட் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதனால் விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டு, மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பையும் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன மாதம், தொகுப்புகளைப் புதுப்பிக்கும் ஏப்ட் அப்கிரேட் கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம் சில தொகுப்புகளை ‘கெப்ட் பேக்’ என்று நிறுத்தி வைத்தது. மூன்று வாரமாக அதே வரி. பொறுமை போய் ஒரு ராத்திரி, தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கியும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன். நீளமாக ஒரு பட்டியல் ஓடியது. படிக்காமல் ஒய் அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். ஓடியதில் பாதி, நீக்கப்போகிறவற்றின் பெயர்கள்.

காலையில் போன். “தம்பி, பில்லே வரமாட்டேங்குதுப்பா. ஆளுங்க நிக்கிறாங்க.”

டெர்மினலில் வைனை ஓட்டினால், அதன் 32 பிட் பகுதியான வைன்32 காணவில்லை, முதலில் மல்டிஆர்ச்சை (இரண்டு கட்டமைப்பையும் சேர்த்து வைக்கும் வசதியை) இயக்கு என்றது. அதுதான் ஏற்கெனவே இயங்குகிறதே! வைன்32 நிறுவப் பார்த்தால், அதற்குத் தேவையான, எழுத்துருக்களை வரையும் ஐ386 ஃப்ரீடைப் நூலகத்தைப் போட முடியாது என்று கைவிரித்தது.

எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஏப்ட் பாலிசி கொடுத்துப் பார்த்ததும்தான் விளங்கியது. ஒரு வரைகலை மென்பொருளுக்காக தொகுப்புகளைத் தரும் வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்திருந்தேன். டெபியன் 12-இல் ஃப்ரீடைப் 2.12.1, அந்தக் களஞ்சியத்தில் அதைவிடப் புதியது, ஆனால் 64 பிட் கட்டமைப்பான ஏஎம்டி64-க்கு மட்டும். இப்படிப்பட்ட நூலகங்களுக்கு டெபியனில் ‘மல்டி-ஆர்ச்: சேம்’ என்று குறி உண்டு. இரண்டு கட்டமைப்பிலும் சேர்ந்து இருக்கவேண்டுமானால் பதிப்பு எண் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். சாதா அப்கிரேட் எதையும் நீக்காது, அதனால் அங்கேயே நின்றிருந்தது. நீக்கலாம் என்று அனுமதி கொடுத்தது நான்தான். ஏப்ட் புதியதைப் போட்டுவிட்டு, ஐ386 ஃப்ரீடைப்பையும் அதை நம்பியிருந்த வைன்32-ஐயும் தூக்கிவிட்டது.

அந்தக் களஞ்சியத்தில் ஐ386 இல்லை என்று ஒவ்வொரு அப்டேட்டிலும் ஏப்ட் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தொணதொணப்பாக இருக்கிறதே என்று, களஞ்சியங்களைப் பட்டியலிடும் சோர்ஸஸ் கோப்பில் ஆர்ச்=ஏஎம்டி64 சேர்த்து வாயை அடைத்ததும் நான்தான்.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு கட்டமைப்பு ஃப்ரீடைப்புக்கும் டெபியனின் ஒரே பதிப்பு எண்ணைக் கொடுத்து ஒரே கட்டளையில் நிறுவினேன். தனித்தனியாகப் போட்டால் மறுபடி அதே சண்டை. கீழ்ப்பதிப்புக்கு இறங்கட்டுமா என்று கேட்டது. இந்த முறை பட்டியலைப் படித்துவிட்டே ஒய். ஏப்ட்டின் ஹிஸ்டரி லாக்கில் நீக்கியவற்றின் பெயர்கள் அப்படியே இருந்தன, அதை வைத்து மீதியைத் திரும்பப் போட்டேன். பில் தரவுகள் ஹோம் அடைவில் வைன் வைத்திருக்கும் மறைகோப்புறையில் பத்திரமாக இருந்தன. தொகுப்பை நீக்கினால் அதில் கைவைப்பதில்லை.

கடைசியாக, எதை ஏப்ட் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லும் ‘பின்’ (pin) முன்னுரிமையை வெளியார் களஞ்சியம் முழுவதற்கும் 100-க்குக் குறைத்து, அந்த வரைகலை மென்பொருளுக்கு மட்டும் 500 விட்டேன். நல்லவேளை, அதற்கு டெபியனின் ஃப்ரீடைப்பே போதுமானதாக இருந்தது.

டெபியன் 13-க்கு இன்னும் மாறவில்லை. அதில் ஐ386-க்குத் தனி நிறுவியும் இயங்குதளக் கருவான கெர்னலும் கிடையாது, 64 பிட் கணினியில் பழைய 32 பிட் மென்பொருளை ஓட்டத்தான் ஐ386 இருக்கிறது. எங்கள் கடைக்கு அது போதும். ஆனாலும் தீபாவளி வியாபாரம் முடியும்வரை அந்தக் கணினியைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.