நஞ்சுக்கொடி வாளியும் ஊதும் கருவியும்

இங்கிலாந்தில் ஒரு பெரிய மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் தளத்தின் பலகையில் மூன்று வரி இருக்கும்: கர்ப்பகாலச் சிக்கல்கள், புற்றுநோய் உயிரியல், புகைப்பழக்கத்தை விடுவித்தல். புதிதாக வருகிறவர்கள் இதென்ன பொருந்தாத கூட்டணி என்று பார்ப்பார்கள். மூன்று குழுவும் ஒரே தளத்துக்கு வந்தது இடம் பற்றாமல்தான். அதன் பின்னால் பெரிய அறிவியல் திட்டம் எதுவும் கிடையாது.

எனக்கு மூன்று அறையும் பழக்கம். ஆய்வு உதவியாளர் வேலை என்பது நிதி இருக்கும்வரைதான். ஒரு நிதி தீரும் தறுவாயில் பக்கத்து அறையில் ஆள் எடுக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அப்படித்தான் நஞ்சுக்கொடி அறையிலிருந்து புகை ஆய்வுக்கும், அங்கிருந்து புற்றுநோய்க்கும் போனேன். பிழைப்புக்காக மாறிய மாற்றம். ஆனால் ஒவ்வொரு அறையிலும் முந்தின அறையில் கேட்ட பேச்சே திரும்பக் காதில் விழுந்தது.

முதல் வேலை நஞ்சுக்கொடி சேகரிப்பது. முன்கூட்டியே சம்மதக் கையெழுத்து போட்டுக் கொடுத்த பெண்களிடம் மட்டும்தான் எடுப்போம். பிரசவ வார்டிலிருந்து மிட்வைஃப் கூப்பிடுவார்: "உங்க ஆள் டெலிவரி ஆயாச்சு, வாங்க." மூடி போட்ட வெள்ளை வாளியோடு ஓட வேண்டும். உள்ளே இருக்கும், எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு சிதையத் தொடங்கும் முன் திசுவை உறைய வைத்தாக வேண்டும்; அரை மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். அதிகாலை மூன்று மணிக்கு லிஃப்ட் வராமல் நிற்கும்போது அந்த அரை மணி நேரம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டிய எடை. கையில் எடுத்தால் சூடு இன்னும் இருக்கும். தாய்ப்பக்கம் கருஞ்சிவப்பாய் மேடு பள்ளமாக இருக்கும். குழந்தைப்பக்கம் வழவழப்பான சவ்வும், கொடியிலிருந்து விரிந்து ஓடும் நாளங்களும். மேல் தட்டையும் அடித் தட்டையும் தவிர்த்து, நடுவிலிருந்து நகக்கண் அளவுத் துண்டுகளாக நாலைந்து இடத்தில் வெட்டி, ரத்தம் போக உப்புக்கரைசலில் அலசி, திரவ நைட்ரஜனில் போட வேண்டும். போட்டதும் ஒரு சீறல். அப்புறம் லேபிள் ஒட்டி, மைனஸ் 80 டிகிரிப் பெட்டிக்குள் வைப்போம்.

பிரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுடையதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகிற நோய் அது. முற்றினால் வலிப்பு, ஈரல் பாதிப்பு, சமயத்தில் உயிருக்கே ஆபத்து. சீக்கிரமே வந்துவிட்ட நோயில் நஞ்சுக்கொடி பல நேரம் சிறுத்திருக்கும். வெட்டும்போது ரத்தம் போகாமல் செத்துப்போன வெளிறிய திட்டுகள் கத்தியில் தட்டுப்படும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதில்தான் புற்றுநோய்க்காரர்களின் பேச்சு நுழைகிறது. நஞ்சுக்கொடியின் ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் கர்ப்பப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. தாயின் சுருள் தமனிகளின் சுவரையே மாற்றியமைத்து, ஒடுங்கிய குழாய்களை அகலமாக்குகின்றன. பாதி மரபணு தகப்பனுடையதாக இருந்தும் தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பிடம் மாட்டாமல் இருக்கின்றன. துளைப்பது, தப்பிப்பது, ரத்த ஓட்டத்தைத் தன் பக்கம் திருப்புவது என்று இதையெல்லாம் புற்றுநோய் செல் செய்தால் நமக்குப் பயம். இங்கே அது நடந்தால்தான் பிள்ளை வளரும். போதிய ஆழம் போகாவிட்டால் பிரீஎக்லாம்ப்சியா. அளவு மீறிக் கர்ப்பப்பைத் தசைக்குள் ஊன்றிவிட்டால் பிரசவத்தின்போது கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு. இந்த ஒற்றுமை ஒன்றும் புதிதல்ல. எடின்பரோவில் இருந்த ஜான் பியர்ட் 1902-லேயே ட்ரோபோபிளாஸ்ட்டையும் புற்றுநோயையும் சேர்த்து எழுதிவிட்டார். அதை வைத்து அவர் சொன்ன வைத்தியம் தேறவில்லை. கவனித்த விஷயம் மட்டும் நிலைத்துவிட்டது.

ட்ரோபோபிளாஸ்ட்டே உண்மையான புற்றுநோயாக மாறுவதும் உண்டு. கோரியோகார்சினோமா என்று பெயர். ஒரு காலத்தில் அது பரவிவிட்டால் பிழைப்பது அரிது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் குழுவினர் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்துக் கட்டிகளைக் கரைத்ததை 1956-ல் வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்த பிறகும் லீ மருந்தை நிறுத்தவில்லை. கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கிறோமே அந்த எச்.சி.ஜி. ஹார்மோன், அது சிறுநீரில் மிச்சம் இருக்கும்வரை செல்களும் மிச்சம் இருக்கின்றன என்பது அவர் கணக்கு. நோயே தெரியாத பெண்களுக்கு நஞ்சைக் கொடுக்கிறார் என்று சொல்லி அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பின்னால் பார்த்தால், அவர் சொன்னபடி ஹார்மோன் முழுக்க இறங்கும்வரை மருந்து எடுத்த பெண்களே நிரந்தரமாகப் பிழைத்தார்கள். 1972-ல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர். எங்கள் தளத்தில் யாராவது "அந்த எண் சும்மா மிச்சம், பொருட்படுத்தாதே" என்று சொன்னால் எனக்கு லீயின் ஞாபகம் வரும்.

அடுத்த ஒற்றுமையைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே கண்ணால் பார்த்தேன். புற்றுநோய்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் அடிக்கடி எங்கள் அறைக்கு வந்து சிறுநீரில் புரதம் பார்க்கும் டிப்ஸ்டிக் டப்பா கடன் கேட்பார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் ஒருமுறை தூக்கிக்கொண்டு போனார். கர்ப்பிணிகளுக்கான சாமான் அங்கே எதற்கு? பெவாசிஸுமாப் மருந்துக்கு. கட்டிக்கு ரத்தக் குழாய் முளைக்கவிடாமல் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் பொருளை மடக்கும் மருந்து அது. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பக்கவிளைவுகள் என்ன தெரியுமா? ரத்த அழுத்தம் ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது.

நஞ்சுக்கொடி அறையில் இதே கதை வேறு வழியாக வந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்த அனந்த் கருமஞ்சியின் குழு 2003-ல் ஒன்றைக் காட்டியது. பிரீஎக்லாம்ப்சியா வந்த நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதத்தை அளவுக்கு மேல் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது வி.இ.ஜி.எஃப்.பையும் அதன் உறவான பி.எல்.ஜி.எஃப்.பையும் பிடித்துக் கட்டிவிடுகிறது. எலிகளில் அந்தப் புரதத்தை ஏற்றினால் அழுத்தம், புரதம், சிறுநீரகச் சேதம் எல்லாம் அப்படியே வந்தன. நோய் வெளிப்படுவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பே அந்த அளவு ஏறுகிறது என்று அடுத்த வருடம் இன்னொரு ஆய்வு சொன்னது. புற்றுநோய்க்காரர்கள் ஊசியில் ஏற்றுகிற தடையை நஞ்சுக்கொடி தானே தயாரிக்கிறது. இன்று எஸ்.எஃப்.எல்.டி.-1, பி.எல்.ஜி.எஃப். இரண்டின் விகிதத்தைப் பார்த்து, அழுத்தம் ஏறிய கர்ப்பிணியை வீட்டுக்கு அனுப்பலாமா வார்டில் வைக்கலாமா என்று முடிவெடுக்க உதவும் ரத்தப் பரிசோதனையே வந்துவிட்டது.

புகை ஆய்வு அறைதான் சிக்கல் பிடித்தது.

புகைபிடிக்கும் பெண்களுக்கு பிரீஎக்லாம்ப்சியா குறைவாக வருகிறது. கொஞ்ச நஞ்சமல்ல, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. நாடு மாறி, காலம் மாறிப் பார்த்தும் கிட்டத்தட்ட இதே விடைதான். புகையை விடச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவுக்கு இதைவிடச் சங்கடமான தரவு இருக்க முடியாது. எங்கள் கூட்டங்களில் இது வந்தால் ஒருவர் தொண்டையைச் செருமுவார், இன்னொருவர் அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்வார். நோயாளிகளுக்கான கையேட்டில் இதைப் போடலாமா என்று ஒரு மதியம் முழுக்க விவாதம். "போட்டால் சாக்காகிவிடும்" என்றது ஒரு பக்கம். "கூகிளில் இருக்கிறது, நாம் மறைத்தால் நம் மீதுதான் சந்தேகம் வரும்" என்றது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். ஒரு பெண் என்னிடமே நேராகக் கேட்டிருக்கிறார்: "சிகரெட் பிடித்தால் பிரஷர் வராதாமே?" ஆமாம், வாய்ப்பு குறைவுதான் என்று சொல்லிவிட்டு, மீதியையும் சொன்னேன். பிள்ளை எடை குறைவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிய்த்துக்கொள்வது, குறைப்பிரசவம், வயிற்றிலேயே பிள்ளை இறப்பது எல்லாம் கூடுகின்றன. புகைக்கும் பெண்ணுக்கு பிரீஎக்லாம்ப்சியா வந்துவிட்டால் பிள்ளையின் நிலைமை மற்றவர்களைவிட மோசமாகிறது. முழுக்கச் சொன்னதால்தான் அவர் மேலே பேசினார்.

எனக்குப் பிடித்த பதில் ஸ்வீடனிலிருந்து வந்தது. அங்கே உதட்டுக்கடியில் அடக்கும் ஸ்னூஸ் என்ற புகையிலை சகஜம். அதில் நிகோடின் உண்டு, எரிப்பது கிடையாது. அதைப் பயன்படுத்திய கர்ப்பிணிகளிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. அப்படியானால் காரணம் நிகோடின் அல்ல, எரியும்போது வரும் ஏதோ ஒன்று. கார்பன் மோனாக்சைடு மேல்தான் பலருக்குச் சந்தேகம். புகைப்பவர்களின் ரத்தத்தில் எஸ்.எஃப்.எல்.டி.-1 குறைவாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஒளித்து வைக்கப் பார்த்த தரவிலிருந்துதான் மருந்து தேட ஒரு வழி திறந்தது.

அதே கார்பன் மோனாக்சைடைத்தான் நாங்கள் மூச்சில் அளந்துகொண்டிருந்தோம். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டுகிற வாயு அது. இங்கே கர்ப்பிணி முதல் தடவை பதிய வரும்போதே ஊதச் சொல்வார்கள். மூச்சை இழுத்து, பதினைந்து விநாடி அடக்கி, அட்டைக் குழாயில் மெதுவாக ஊத வேண்டும். 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நாலு பங்கு) அல்லது அதற்கு மேல் காட்டினால் புகை நிறுத்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள். வாயால் கேட்டால் வரும் பதிலை நம்புவதற்கில்லை என்பதால் வந்த கருவி. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வயிற்றில் பிள்ளையோடு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, யார்தான் உண்மை சொல்வார்கள்?

நிறுத்த வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 2012-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று போதும். 1,050 கர்ப்பிணிகள், பாதிப் பேருக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், மீதிக்கு வெற்று பேட்ச். பிரசவ நேரத்தில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்ச் வாங்கியவர்களில் 7.2 சதவீதம் பேர்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஒட்டியிருந்தார்கள்! கர்ப்பத்தில் உடம்பு நிகோடினை வேகமாகக் கரைத்துவிடுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. கிளாஸ்கோவில் வேறு விதமாகப் பார்த்தார்கள். 612 பெண்களில் ஒரு பாதிக்கு, புகையை விட்டதைப் பரிசோதனையில் காட்டினால் மொத்தம் 400 பவுண்டு வரை கடை வவுச்சர். 2015-ல் முடிவு வந்தது: வவுச்சர் தரப்பில் 22.5 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்ற தரப்பில் 8.6. "கெட்ட பழக்கத்துக்குக் காசு கொடுக்கிறதா?" என்று கேட்கிறவர்கள் எங்கள் தளத்திலேயே இருந்தார்கள். குறைமாதப் பிள்ளை இன்குபேட்டரில் ஒரு நாள் கிடக்க ஆகும் செலவைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஒருநாள் தமிழ் பேச ஆள் வேண்டும் என்று கிளினிக்கில் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தம்பதி. அந்தப் பெண் வாழ்நாளில் சிகரெட் தொட்டதில்லை, கருவி 6 காட்டுகிறது. எல்லார் பார்வையும் கணவர் மேல். அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் வெளியில நிண்டுதான் பத்துறனான் அக்கா. உள்ளுக்க ஒருநாளும் இல்லை." வெளியே நின்று புகைக்கும் கணவரால் மட்டும் அவ்வளவு ஏறுவது சந்தேகமாக இருந்தது. வீட்டில் சூடாக்க என்ன வைத்திருக்கிறீர்கள், தலைவலி வருகிறதா என்று கேட்டேன். "பின்னேரத்தில தலையிடிதான்" என்றார் அந்தப் பெண். அன்றைக்கே கேஸ்காரரை வரவழைத்தார்கள். பழைய பாயிலரில்தான் கோளாறு. அடுத்த தடவை ஊதியபோது 1.

கணவர் அந்த முறை தானாகவே என்னைத் தேடி வந்தார். "பதினைஞ்சு வருசமாப் பத்துறன். இனி விட்டு என்ன அக்கா?" இதற்குப் பதில் புற்றுநோய் அறையில் இருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951-லிருந்து அரை நூற்றாண்டு பின்தொடர்ந்த ரிச்சர்ட் டோல் கணக்குப்படி, முப்பது வயதில் விட்டால் சுமார் பத்து ஆண்டு ஆயுள் கூடும், நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில்கூட மூன்று. 2020-ல் மூச்சுக்குழாய்ச் செல்களைத் தனித்தனியாகப் படித்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. புகையை விட்டவர்களில் சிலருக்கு நாற்பது சதவீதம் வரை செல்கள், வாழ்நாளில் புகைக்காதவர் செல்போலவே பழுதில்லாமல் இருந்தன. கெட்டுப்போன செல் திருந்துவதில்லை. எங்கோ தப்பிப் பிழைத்த நல்ல செல்கள் பெருகி இடம் பிடிக்கின்றன என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

இதையெல்லாம் முடிந்தவரை சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த பேட்ச் ஒட்டினா கை கடிக்குமோ அக்கா?"

கொஞ்சம் கடிக்கும் தம்பி, தினம் இடம் மாற்றி ஒட்டுங்கள் என்று சொல்லி, புகை நிறுத்தப் பிரிவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.